ஏழரைத் தலை ஆசாமி

"காலுக்கு லக்கேஜ் போட்டேன் சார்" என்றார் கண்டக்டர்.

துப்பறியும் நிபுணர் பரந்தாமன் திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டார். அந்த நேரம் பார்த்து பஸ் குமணன்சாவடி திருப்பத்தில் ஒரு ஒடி ஒடித்தது. நிபுணர் இரண்டு ஆட்களைத் தாண்டிப் போய் ஒரு கீரைக்கூடையின்மேல் உட்கார்ந்தார். கூடைக்காரி அவருடைய பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்தாள். அதைக் காதில் வாங்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த கேள்வியைப் போட்டார். தொழில் பக்தி விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"யாரோட கால்?"

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? கோணில சுத்தி எட்த்துகினு வந்தாரு. முட்டி வரைக்கும் ஒரு காலு. அஞ்சு வெரலும் வெளிய தெரிஞ்சிது, வெள்ள வெளேர்னு. ஆளுன்னா டிக்கெட்டு, பொருள்னா லக்கேஜு. காலு ஆளா பொருளான்னு எந்த ரூல்ல கீது? நானா ரோசன பண்ணி லக்கேஜ் போட்டேன்."

"கையெல்லாம் வெள்ளையா இருந்த ஆளா?"

"மொழங்கை வரைக்கும் சார். சுண்ணாம்புல முக்கி எட்த்தா மாரி. காட்டுப்பாக்கத்துல எறங்குனாரு."

பெண்கள் சீட்டில் உட்கார்ந்திருந்த தாயம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த உதவியாளர் புஷ்பா அவள் தோளை அணைத்துக்கொண்டு, "கம்முனு இரும்மா. லக்கேஜ் போட்ட காலு உன் ஊட்டுக்காரருதா இருக்காது. அவரு மானஸ்தன், டிக்கெட்டு எடுத்துருப்பாரு" என்று ஆறுதல் சொன்னாள்.

பரந்தாமனைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் சொல்ல அவரிடமும் விஷயம் கிடையாது. ஆவடியில் ஒரு தொழிற்சாலை வாசலில் டிபன் பாக்ஸ் சோதிக்கிற உத்தியோகம் பார்த்தவர். மூடியைத் திறந்த மாத்திரத்தில், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விருந்தாளி என்று சொல்லிவிடுவார். இந்த ஒரே திறமையை நம்பி வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். போர்டு எழுதியவன் எழுத்தைப் பெரிதாகப் போட்டதில் கடைசி வார்த்தைக்கு இடம் இல்லை. 'பரந்தாமன் துப்பறியும்' என்பதோடு போர்டு நின்றுவிட்டது. நாய் மோப்பம் பிடிக்கும், பசு பால் கொடுக்கும், பரந்தாமன் துப்பறியும். தெருக்காரர்கள் அப்படித்தான் படித்தார்கள். அவரும் திருத்தவில்லை, இதுவரை முடித்த வழக்குகளைப் பார்த்தால் அஃறிணை மரியாதையே அதிகம் என்று அவருக்கே ஒரு எண்ணம்.

அவருடைய முதல் வழக்கு புஷ்பாதான். காணாமல் போன கணவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி வந்தாள். அவர் தேடினார், தேடினார், இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார். காத்திருந்த நேரத்தில் அவள் ஆபீசைப் பெருக்கினாள், ஃபைலை அடுக்கினாள், வந்தவர்களுக்குப் பதில் சொன்னாள், கடைசியில் உதவியாளராகவே தங்கிவிட்டாள். அந்த ஆள் திரும்பி வந்தால் தனக்கு நல்ல உதவியாளர் போய்விடுமே என்று பரந்தாமன் நடுவில் ஒருமுறை நினைத்ததுண்டு. நினைத்ததற்காக வெட்கப்பட்டதும் உண்டு.

தாயம்மாவின் வழக்கு இதுதான். அவள் கணவன் பேர் மதுரைவீரன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் இரும்புக் கம்பி ஏற்றி இறக்கும் வேலை. பேருக்கேற்ற மீசை, அந்த வட்டாரத்தில் ஆளைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மீசையைத் தெரியும். ஒரு காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. தண்ணீர்க் குடத்தைத் தூக்க ஆள் இல்லை, கண்ணாடிமுன் நின்று மீசைக்கு எண்ணெய் போட ஆள் இருக்கிறது என்று ஆரம்பித்தவள், முடிக்கும்போது சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"'அந்த மீசைய எட்த்துட்டா உங்கிட்ட ஆம்பளன்னு சொல்ல இன்னா கீது'ன்னு கேட்டுட்டேன் சார். அவரு சட்டைய மாட்டிகினு போனவருதான்."

போனவர் போனவர்தான். ஒரு வாரம் ஓடிவிட்டது. தாயம்மாவின் அண்ணன் முனியன் கெடு வைத்துவிட்டான்: இன்று சாயங்காலத்துக்குள் ஆள் வரவில்லை என்றால் அவன் வேறு எவளோடோ போய்விட்டான் என்று அர்த்தம், தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடு. முனியன் சொன்னதைச் செய்கிற ரகம்.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. தாயம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பொன்னியம்மா பூ விற்கப் பூந்தமல்லி வரை போகிறவள். காணாமல் போன அன்று குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் மதுரைவீரனை அவள் பார்த்திருக்கிறாள். கையெல்லாம் வெள்ளையாக ஒரு ஆள் அவனோடு பேசிக்கொண்டிருந்தானாம். சில நாள் கழித்து அதே வெள்ளைக்கை ஆள் பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னொருவனிடம் சொன்னது இது: "ஏழரை ஆவாது. எட்டு வேணும். தலைய எடுத்துடறேன். ஒடம்பு மட்டும் இருக்கட்டும்."

இதைக் கேட்ட பொன்னியம்மாவுக்கு அன்று பூ விற்கவில்லை.

ஏழரை. பரந்தாமனின் மூளை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. முதலில் அது மணி என்று முடிவுகட்டி, ஏழரை மணி மின்சார ரயிலுக்காக ஆவடி பிளாட்பாரத்தில் செய்தித்தாளில் ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டை வழியாகத் தெரிந்தது அவருடைய பழைய மேலதிகாரி. "என்ன பரந்தாமா, வேலை கிடைக்கலையா?" என்று கேட்டு ஒரு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து அது ஏழரை நாட்டுச் சனி என்று தோன்றியது. சனிக்கிழமை கோயிலில் எள் விளக்கு ஏற்ற வந்தவர்களின் கைகளை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றதில், கைரேகை ஜோசியர் என்று நினைத்து நாலு பேர் கையை நீட்டினார்கள். மரியாதைக்குப் பார்த்துச் சொன்னார். வெள்ளைக் கையை வைத்து வானகரத்தில் ஒரு மாவு மில்லையும் முற்றுகையிட்டார். அங்கே கோதுமை மட்டும்தான் அரைக்கிறார்கள் என்பது உறுதியானது.

கடைசியில் புஷ்பா சொன்னாள். "சார், பொன்னியம்மா கேட்டது பஸ்ல. பஸ்ல ஏறி கண்டக்டர கேட்டா இன்னா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார் பரந்தாமன்.

இப்போது காட்டுப்பாக்கம் ஸ்டாப்பில் மூவரும் இறங்கினார்கள். வெள்ளைக் கைக்காரரை ஸ்டாப் எதிரே டீக்கடைக்காரருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பின்னால் பழைய அரிசி மண்டிக் கொட்டகை, பேர் பக்தவத்சலம், ஏதோ பொம்மை வேலை.

பரந்தாமன் தாயம்மாவை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார். கொட்டகையில் என்ன கிடக்கிறதோ, அதை இவள் பார்க்கக்கூடாது. "நான் கூப்பிடற வரைக்கும் வரக்கூடாதும்மா."

"கண்டுபுடிச்சிட்டா கூப்புடுவீங்க இல்ல சார்?" என்றாள். "எப்டி இருந்தாலும் கூப்புடுங்க. நான் சொன்னத ஒருதரம் இல்லேன்னு சொல்லணும் அவுருகிட்ட. கேக்குற நெலமைல இல்லேன்னாலும் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

தகரக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அலமாரி நிறையத் தலைகள். கண்ணில் பாவை இல்லாத வெள்ளைத் தலைகள், ஒன்றுக்கும் மீசை இல்லை. கொட்டகை நடுவில் ஒரு பீடத்தின்மேல் ஆளுயரத்துக்கு வெள்ளை உடம்பு ஒன்று நின்றது. இடுப்பில் கௌரவத்துக்கு ஒரு கோணித்துண்டு. கழுத்துக்குமேல் ஒன்றும் இல்லை.

பரந்தாமன் மூன்று அடி பின்னால் வந்தார். முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் தள்ளி நிற்கத்தானே வேண்டும். அப்படித் தள்ளி நின்றதில் புஷ்பாவின் காலை மிதித்தார்.

"யாரு வேணும்?"

மூலையிலிருந்து வந்தவருக்கு முழங்கை வரை வெள்ளை. குறுந்தாடி, ஜிப்பா, பக்தவத்சலம். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் தரையில் குந்தி ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தலையோடு தாடையைச் சேர்த்து ஒரு துண்டால் வரிந்து கட்டியிருந்தான். மூக்குக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"பல் வலி" என்றார் பக்தவத்சலம், யாரும் கேட்காமலே. "நம்ம ஹெல்ப்பர்."

பரந்தாமன் ஏற்கெனவே ஜோடித்து வைத்திருந்த பொய்யை எடுத்தார். "எங்க சங்கத்துக்கு ஒரு சிலை செய்யணும்."

"யாரோட சிலை?"

"சாரோடதுதான்" என்று முந்திக்கொண்டாள் புஷ்பா.

பக்தவத்சலம் ஜிப்பா பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் முனையைப் பரந்தாமனின் உச்சந்தலைக்கும் கட்டைவிரலைத் தாடைக்கும் வைத்தார். பிறகு அந்த அளவைப் படிப்படியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். மார்பு, தொப்புள், தொடை. சீக்கிரமே தரை வந்துவிட்டது.

"அஞ்சே முக்கால்" என்றார் வருத்தமாக.

"அஞ்சரை அடிதான் சார் நான்."

"அடி இல்ல. தலை. உங்க ஒடம்புல உங்க தலை அஞ்சே முக்கால் தடவைதான் அடங்குது."

"சாருக்குத் தலைக்கனம்னு நான் எப்பவோ சொன்னேன்" என்றாள் புஷ்பா.

பக்தவத்சலம் அவளைப் பார்த்து மகிழ்ந்துபோனார். கேட்க ஆள் கிடைக்காத மனுஷன் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஓவியக் கல்லூரியில் பாதிப் படிப்பு, சினிமா செட்டில் மீதிப் படிப்பு என்று சுயசரிதையில் ஆரம்பித்து, நேராக இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்துக்குப் போய்விட்டார்.

"அழகுன்னா என்ன? மூக்கு முழியா? இல்ல. அளவு. வெரலுக்கும் உள்ளங்கைக்கும் ஒரு கணக்கு, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் ஒரு கணக்கு, தலைக்கும் ஒடம்புக்கும் ஒரு கணக்கு. இதை முதல்ல வகுத்தவரு பாலிகிளீட்டஸ்."

"பாலிகிளினிக்கா?" என்றாள் புஷ்பா. "பூந்தமல்லில கூட ஒண்ணு கீதே."

"பாலிகிளீட்டஸ்மா. ஈட்டி வெச்சிகிட்டு ஒரு வாலிபன் நிக்கிற மாதிரி செஞ்சாரு. அதான் இலக்கணம், இதுதாண்டா மனுஷன்னு காட்டினாரு. அவர் கணக்கு ஏழு தலை. பின்னால லிசிப்பஸ்னு ஒருத்தர் வந்தாரு."

"அது எந்த ரூட்டு பஸ்ஸு?"

"அவரு தலையைச் சின்னதாக்கி ஒடம்பை இன்னும் உருவிவிட்டாரு. எட்டுத் தலை. பாக்கறவனுக்கு அண்ணாந்து பாக்கத் தோணும். பெங்களூர் ரோட்டுல வரப்போற பூங்காவுக்கு ஒரு ஈட்டிக்காரன் கேட்டிருக்காங்க. எட்டுதான் வேணும்னு ஒரே பிடிவாதம். மாதிரிக்கு ஒரு காலை பஸ்ல எடுத்துட்டுப் போய்க் காட்டிட்டு வந்தேன். படுபாவி கண்டக்டர் லக்கேஜ் போட்டுட்டான்."

பரந்தாமனுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பாதி வெளிச்சம்தான், ஆனாலும் எரிந்தது. "அப்ப 'ஏழரை ஆவாது, எட்டு வேணும்'..."

"அதேதான். ஒடம்பு அச்சு எடுக்க ஒரு ஆளைப் பிடிச்சேன். நம்ம ஜனங்க ஆறரை, ஆறே முக்கால். ஏழு வந்தாலே பெரிய விஷயம். நான் பத்து வருஷமா இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பா அளந்துட்டு இருக்கேன், ஏழரை வந்தது ஒரே ஒரு ஆளு. அதுலயும் அவன் நின்ன நிப்பு இருக்கே. ஒரு காலை ஊனி, இன்னொரு காலைத் தளத்தி, இந்தப் பக்கம் இடுப்பு ஏற, அந்தப் பக்கம் தோள் ஏற... கிரேக்கத்துக்காரன் தவம் இருந்து கண்டுபிடிச்ச நிப்பை இவன் குமணன்சாவடியில பஸ்ஸுக்கு நின்னுகிட்டு இருக்கான். எனக்கு அழுகையே வந்துடுச்சி. ஆனா பூங்காக்காரங்க எட்டு கேக்கறாங்க. அதான் அவன் தலையை எடுத்துட்டுச் சின்னதா வேற தலை வெக்கப் போறேன்."

"அந்த ஆளு எங்க?" என்றார் பரந்தாமன். குரல் தாழ்ந்து, தொழில்முறைக்கு வந்துவிட்டது.

பக்தவத்சலத்தின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. "போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?"

சிற்பியின் கண் ஒரு கணம் சிலைப் பக்கம் ஓடி, திரும்பியது. சிலைக்குப் பக்கத்தில் டீ கிளாஸ்களோடு ஹெல்ப்பர் நின்றுகொண்டிருந்தான். அவனும் தரையைப் பார்த்தான். பரந்தாமன் ஹெல்ப்பரைப் பார்க்கவில்லை. சிலையைத்தான் பார்த்தார். டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மெதுவாகப் பீடத்தைச் சுற்றி வந்தார். விரலை மடக்கிச் சிலையின் தொடையில் தட்டினார். தொம் தொம் என்றது. உள்ளே வெற்றிடம். அல்லது, உள்ளே ஏதோ.

இருபது வருஷம் டிபன் பாக்ஸ் திறந்த ரத்தம் கொதித்தது.

"புஷ்பா, கதவைச் சாத்து. பக்தவத்சலம், நாங்க சங்கத்துலேர்ந்து வரல. நான் துப்பறியும் பரந்தாமன். உங்க விளையாட்டு முடிஞ்சிடுச்சு. மதுரைவீரன் எங்கேயும் போகல. இந்தக் கொட்டகையிலதான் இருக்கார்."

சிற்பியின் முகம் சிலையைவிட வெளுத்தது. ஹெல்ப்பர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினான். இரண்டையும் பார்த்த பரந்தாமனுக்குத் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தான் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நிச்சயமானது.

"இந்தச் சிலைக்குள்ளே."

"சார், வேணாம்" என்றாள் புஷ்பா. அதற்குள் அவர் தரையில் கிடந்த சுத்தியலை எடுத்து ஓங்கிவிட்டார்.

ஈட்டிக்காரனின் இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கி விழுந்தது. உள்ளே இருந்தது தேங்காய் நார். நாரை நகர்த்திப் பார்த்தார். நாருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நார்.

வெளியே பெங்களூர் ரோட்டுக்குப் போகும் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"லக்கேஜ் போட்ட காலு" என்றார் பக்தவத்சலம் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பரந்தாமன் ஒரு பிளாஸ்டர் மூட்டையின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். அவருடைய கறுப்பு பேன்ட் பின்பக்கம் வெள்ளையாகிவிட்டது. புஷ்பா மூட்டையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி, "பாரிஸ் பிளாஸ்டராம் சார். நம்ம பாரீஸ் கார்னர்ல வாங்கனதா இருக்கும். ஒசந்த சரக்குமேலதான் குந்திகினு கீறீங்க" என்றாள். கிண்டல் செய்தாலும் அவள் குரலில் சுரத்து இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவளுக்கும் ஞாபகம் இருந்தது.

பரந்தாமனுக்கு உள்ளுக்குள் அழுகையாக இருந்தது. பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். புஷ்பாவிடம் சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்பது இத்தனை வருஷமாகியும் அவருக்குப் பழகவில்லை.

கை சும்மா இருக்கமுடியாமல், கீழே விழுந்திருந்த சிற்பியின் பென்சிலை எடுத்தார். ஒரு கண்ணை மூடினார். கிடைத்த வித்தையைப் பழகிப் பார்க்கும் சின்னப்பிள்ளைப் புத்தி அவருக்கு எப்போதும் உண்டு. புஷ்பா ஆறே முக்கால். அளக்கிறாரே என்று அவள் நிமிர்ந்து நின்றதில் ஏழு ஆனாள். பக்தவத்சலம், அழகின் இலக்கணம் சொன்ன மனிதர், ஆறே கால். நொறுங்கிய காலை ஹெல்ப்பர் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வீச்சு வீசிவிட்டு, துடைப்பத்தில் சாய்ந்து நின்றான். துண்டு கட்டியிருந்தாலும் தாடை எங்கே முடிகிறது என்று தெரிந்தது. தாடை, மார்பு, தொப்புள், தொடை, முட்டி...

பரந்தாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தார்.

ஏழரை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஹெல்ப்பர் ஒரு காலை ஊனி, இன்னொரு காலைத் தளர விட்டிருந்தான். இந்தப் பக்கம் இடுப்பு ஏறியிருந்தது. அந்தப் பக்கம் தோள் ஏறியிருந்தது. அவனுக்கு நேர் பின்னால் தலையில்லாத வெள்ளை உடம்பு அதே மாதிரி நின்றுகொண்டிருந்தது. இதுவரை இந்த ஆள் தன் கண்ணெதிரே நடந்தான், குந்தினான், கையில் டீ கொடுத்தான்.

"டீ நல்லா இருந்துச்சு மதுரைவீரன்" என்றார்.

துடைப்பம் கீழே விழுந்தது.

"சொல்லிட்டியா வாத்யாரே?" என்று துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் பக்தவத்சலத்தைக் கேட்டது.

"நான் வாயே தொறக்கலப்பா. சாமி சத்தியமா."

ஆள் துண்டை அவிழ்த்தான். நல்ல களையான முகம். மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை வெளுத்து, கொப்புளம் ஆறின தோலாக, வாடகைக்கு இருந்த ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. அங்கங்கே ரோமம் முளை விட்டிருந்தது.

"எங்கய்யா மீசை?" என்றாள் புஷ்பா.

மதுரைவீரன் அலமாரியைக் காட்டினான். அங்கே ஒரு முக அச்சு குழிவாக இருந்தது. மேலுதட்டுப் பள்ளத்தில் மீசை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் முறுக்கோடு.

"அச்சு எடுக்கறதுக்கு முன்ன ஒடம்பெல்லாம் எண்ணெ போடணும்னாரு. போட்டோம். மீசைக்கும் நெறைய தடவுன்னாரு. 'அதுக்குக் காலைலயே போட்டுட்டேன், தெனம் போடறேன், போதும்'னு சொல்ட்டேன். பிளாஸ்டர் இறுகிக்கிச்சி. இஸ்த்தாங்க பாரு... உசுரு போயி வந்துச்சி. அப்பால அறுத்துத்தான் எடுத்தாங்க. அதுக்கப்பறமா பூங்காக்காரங்கள பாத்துட்டு வந்து இந்தாளு தலையே வேணான்றாரு."

"ஏழரைப்பா. எட்டு கேக்கறாங்க" என்றார் பக்தவத்சலம் பரிதாபமாக.

"ஏன்யா, ஊட்டுக்குப் போயி சொன்னா இன்னா? ஒரு வாரமா அவ அழுதுகினு கீறா" என்றாள் புஷ்பா. அவள் குரல் உயர்ந்தது. போனவர்கள் எல்லாரிடமும் சேர்த்துக் கேட்பதுபோல் இருந்தது.

மதுரைவீரன் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றான். "அவ சொன்னா, மீசைய எட்த்துட்டா எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு. ஸ்டாப்ல நின்னுகினு அதியே நெனச்சிகினு இருந்தேன். அப்போ இவரு வந்து, உன் ஒடம்பு மாரி ஒடம்பு இந்த ஜில்லாலயே இல்லன்னாரு. மீசையப் பத்தி ஒரு வார்த்த பேசல. சரி, இத்த செஞ்சி முடிச்சி, அவள இட்டுகினு வந்து காட்டலாம், பாருடி, மீசை இல்லாமயே ஆளு நிக்கிறான்னு சொல்லலாம்னு வந்தேன். கடசில இருந்த ஒண்ணும் பூட்ச்சி. எங்கப்பா வேற உசுரோட கீறாரு. மழமழன்னு தெருவுல போனா, கெழவன் எப்ப போனாருன்னு துக்கம் கேப்பானுங்க. மொளச்சதும் போலாம்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு அவ முன்னாடி நிக்கிறது?"

"இந்த மூஞ்சியதான்" என்று வாசலில் குரல் கேட்டது.

தாயம்மா கூப்பிடுகிற வரை காத்திருக்கவில்லை. சுத்தியல் சத்தம் டீக்கடை வரை கேட்டிருக்கிறது. தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் முதலில் சிலையைத்தான் பார்த்தாள். தலையும் ஒரு காலும் இல்லாமல் நின்ற அந்த உடம்பைக் கொஞ்ச நேரம் கண் இமைக்காமல் பார்த்தாள்.

"இது அவரு நிக்கிற நிப்பு" என்றாள். "பஸ்ஸுக்கு நின்னா இப்டித்தான் நிப்பாரு. நேரா நில்லுய்யான்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன்."

பிறகு அவனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் கிட்டே வந்து, அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் அவனுடைய மேலுதட்டை, கொப்புளம் ஆறின இடத்தை, ஒரு விரலால் தொட்டாள்.

"எரியுதா?"

"இல்ல."

"நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். அதோடு அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் வந்துவிட்டது. அழுதுகொண்டே அவன் தோளில் இரண்டு அடி அடித்தாள். "சொல்லி அனுப்ச்சிருக்கக் கூடாதா? நான் உன்ன வெட்டிப் போட்டாங்கன்னு நெனச்சேன். எங்கண்ணன் நீ எவ கூடவோ பூட்டேன்றான். ரெண்டுல எது நெசமா இருந்தா தேவலன்னு ஒரு வாரமா சாமிகிட்ட கேட்டுகினு இருந்தேன்யா."

புஷ்பா திரும்பி நின்று அலமாரித் தலைகளை எண்ணினாள். பரந்தாமன் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் சில சமயம் துப்பறிகிறவன் செய்ய வேண்டிய வேலைதான்.

பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார். கலைஞனுக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்பது தெரியாது. "அம்மா, காலை நான் ஒட்டவெச்சிடறேன். தலை மட்டும் வேற வைக்கறேன், கோவிச்சிக்காதீங்க. நல்ல சின்னத் தலை. வந்து பாருங்க, உங்க வீட்டுக்காரரு எட்டுத் தலைக்கு ராஜாவாட்டம் நிப்பாரு. ஏழரையில அந்தக் கம்பீரம் வராது."

தாயம்மாவுக்கு அந்தக் கணக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழரை என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. இத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாத வார்த்தை அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணவனை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள். பென்சில் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"எட்டு உன் பூங்காவுலயே நிக்கட்டும் அண்ணாத்தே" என்றாள். "என்ன புடிச்ச இந்த ஏழரையே எனக்குப் போதும்."

கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினாள். எட்டி, அவன் தாடையோடு தலையைச் சேர்த்துத் தானே இறுக்கிக் கட்டி, மூக்குக்குக் கீழே சரியாக மறைந்ததா என்று பார்த்தாள்.

"யாரு கேட்டாலும் பல்லு வலின்னு சொல்லிக்கலாம். வா, ஊட்டுக்குப் போலாம். எங்கண்ணன் வந்துருவான்."

பஸ் ஸ்டாப்பில் புருஷனும் பெண்டாட்டியும் முன்னால் நின்றார்கள், புஷ்பா கொஞ்சம் தள்ளி நின்றாள். பரந்தாமன் வெள்ளை அடித்த பேன்ட்டோடு பின்னால் ஒரு கம்பத்தின் மறைவில் நின்றார். மதுரைவீரன் ஒரு காலை ஊனி, ஒரு காலைத் தளர்த்தி, இடுப்பு ஒரு பக்கம் ஏறத்தான் நின்றான். நேரா நில்லு என்று தாயம்மா சொல்லவில்லை.